தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போன கதை

குரங்கணியிலிருந்து கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன், அப்புறம் மூணாறு. அந்த மலைக்குப் போகிறவர்கள் காதில் ஒரு கதை விழாமல் இருக்காது. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி 1790இல் திப்புவின் படையை மறிப்பதற்காக இந்த மலைகள் வழியே வந்தார் என்பதுதான் அது. வெல்லஸ்லி இந்தியாவில் கால் வைத்ததே 1797இல். ஆகவே கதை நிற்காது. ஆனால் 1790 என்ற ஆண்டு இந்த அடிவாரத்துக்கு முக்கியமானதுதான். அந்த ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கை திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தது. போடிநாயக்கனூர் பாளையம் அந்தச் சீமைக்குள் அடங்கியது. கிஸ்தி வசூலும் பீரங்கியும் வந்த அதே வழியில் இன்னொன்றும் வந்தது: சிவப்புக் கோட்டு, தோல்வார், விறைப்பான தலையணி. கிஸ்தியைப் பற்றியும் பீரங்கியைப் பற்றியும் நம்மவர்கள் நிறைய எழுதியாயிற்று. உடுப்பைப் பற்றி எழுதியது குறைவு. தமிழ் மண்ணில் அந்நியர் படைக்குள்ளிருந்தே கிளம்பிய முதல் பெரிய எழுச்சி ஒரு தலைப்பாகையை ஒட்டி வெடித்தது என்பதை நினைத்தால், இந்தக் குறை சிறியதல்ல.

கேள்வி இரண்டு. ஐரோப்பியப் படைகள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உயரமான, கனமான, மழையில் ஊறும், காற்றில் சாயும் தலையணிகளை ஏன் சிப்பாய்களின் தலையில் ஏற்றின? அதே வழக்கத்தைத் தமிழ்ச் சிப்பாய் தலைமேல் ஏற்றப் போனபோது ஏன் கோட்டையே இரத்தக் களமானது? இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது என் முடிவு. அதற்கு முதலில் ஐரோப்பாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் துப்பாக்கி பெருகப் பெருக இரும்புத் தலைக்கவசம் பயனற்றுப் போனது. குண்டைத் தாங்காத இரும்பை வெயிலில் சுமப்பதில் பொருளில்லை. அதன் இடத்துக்கு அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பி வந்தது. அந்த விளிம்பை மூன்று பக்கமும் மடித்துக் கட்டியதில் முக்கோணத் தொப்பி பிறந்தது. கையெறி குண்டு வீசும் கிரனேடியர்களுக்கு அந்த விளிம்பும் இடைஞ்சல். துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் மாட்டும்போது தட்டும். அதனால் அவர்களுக்கு விளிம்பில்லாத கூம்புக் குல்லா கொடுத்தார்கள். இதுவரை காரணம் வேலையைச் சார்ந்தது. பிறகு நடந்தது வேறு. பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம், 1713 முதல் 1740 வரை ஆண்டவர், ஐரோப்பா முழுவதும் ஆள் அனுப்பி நெட்டையர்களைத் திரட்டிப் போட்ஸ்டாமில் ஒரு படை வைத்திருந்தார். இயல்பாகவே உயரமான அவர்கள் தலையிலும் பித்தளை முகப்பு வைத்த நெடுங்குல்லாயை ஏற்றினார். வேலைக்காக வந்த குல்லா, ஆளை நெட்டையாகக் காட்டும் சாதனமாகிவிட்டது. கரடித்தோல் குல்லாய் இன்னும் ஒரு படி மேலே போயிற்று.

அடுத்து வந்தது ஷாக்கோ. ஹங்கேரியக் குதிரைவீரர்களிடமிருந்து ஆஸ்திரியா வழியாகப் பரவிய உருளை வடிவத் தொப்பி. பிரிட்டன் தன் காலாட்படைக்கு இதை 1800இல் கொடுத்தது. நெப்போலியனின் காலாட்படை 1806இல் ஏற்றது. தோலும் கம்பளியும் சேர்ந்த நேரான உருளை, முன்பக்கம் பித்தளைத் தகடு, மேலே இறகுக் கொத்து. வாள்வெட்டைச் சற்றே தாங்கும். குண்டைத் தாங்காது. உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் சிப்பாய்கள் புகையிலையையும் சில்லறைச் சாமான்களையும் போட்டு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொப்பியில் அவர்களுக்கு நேரடியாக உதவிய பகுதி அதுதான் என்று சொல்லலாம். கழுத்தில் விறைப்பான கறுப்புத் தோல்பட்டை வேறு. தலையைக் குனியவும் விடாது, திருப்பவும் விடாது. தலைமுடியைப் பின்னலிடும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் படை 1808இல்தான் கைவிட்டது.

இதையெல்லாம் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளக்கூடாது. அந்தக் காலத்துப் போர்க்களம் கரும்புகை மூடிய இடம். ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரச வரிசையில் நின்று சுட்டார்கள். யார் நம்மவன், யார் எதிரி என்பது ஐம்பது அடியிலேயே குழப்பம். கோட்டின் நிறமும் தொப்பியின் வடிவமும்தான் ஆளை இனங்காட்டின. 1811இல் போர்ச்சுகல் போர்முனையிலிருந்து வெலிங்டன் எழுதிய கடிதம் ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. உடுப்பு விவகாரத்தில் தனக்கு அக்கறை குறைவு என்று சொல்லும் அவர், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறார்: பிரெஞ்சுக்காரர் தொப்பி மேலே அகன்றது, நம்முடையது மேலே குறுகியது, தூரத்திலிருந்து காவல் வரிசைகளைப் பார்க்கிறவனுக்கு இந்த வேறுபாடு பெரிய உதவி, அதை மாற்றாதீர்கள். தலையைக் காப்பது பற்றிய பேச்சே அதில் இல்லை. தொப்பியின் வேலை இந்தத் தலை யாருடையது என்று அறிவிப்பது. இந்தக் கட்டுரை முழுவதற்கும் அச்சாணி இதுதான்.

இனி நம் ஊர். சென்னைப் படையின் சிப்பாய்க்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே ஐரோப்பியச் சாயல், கீழே நம் சாயல். சிவப்புக் கோட்டு, இடுப்பில் கச்சை, முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சராய், காலில் செருப்பு. தலையில் தலைப்பாகை. ஆனால் அது துணியை உதறிக் கையால் சுற்றிக்கொள்ளும் தலைப்பாகை அல்ல. சட்டத்தின் மேல் துணியை இறுக்கிப் படைக்கென்று வார்த்த வடிவம். அப்படியிருந்தும் அது தலைப்பாகையாகவே கருதப்பட்டது. நெற்றியில் நாமமோ திருநீறோ, காதில் கடுக்கன், முகத்தில் அவரவர் வழக்கப்படி மீசை தாடி. உடம்பு கும்பினியுடையது, முகம் தன்னுடையது என்று ஒரு எழுதாத உடன்பாடு அங்கே இருந்தது.

சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு வேர்ச்சாயம். அதிகாரியின் கோட்டுக்குக் கள்ளிச்செடியில் வளரும் கொச்சினில் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம். அந்தப் பூச்சி ஸ்பெயினின் கையில் இருந்ததால், சென்னையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை இங்கேயே வளர்த்துப் பார்க்க முயன்றார். சைதாப்பேட்டையில் அதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். உடுப்பு என்பது தையல்காரர் விஷயம் மட்டுமல்ல, அரசியலும் வணிகமும் தாவரவியலும் சேர்ந்தது என்பதற்கு அந்தத் தோட்டம் சாட்சி.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய தலைப்பாகைக்கு உத்தரவிட்டார். 1806 மார்ச்சில் புதிய நிலையாணைகள் ஒப்புதல் பெற்றன. அவற்றின் பதினொன்றாம் பிரிவின் பத்தாவது பத்தி அந்த எழுதாத உடன்பாட்டைக் கிழித்துப் போட்டது. உடுப்போடு இருக்கும்போது சாதிக் குறியை முகத்தில் இடக்கூடாது. காதணி கூடாது. அணிவகுப்புக்கு வரும்போது முகவாய் மழித்திருக்க வேண்டும். மீசையின் அளவும் வடிவமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் முன் வைத்தபோது, பழைய விதிகளின் தொகுப்பு என்ற நினைப்பிலேயே அவர் ஒப்புதல் கொடுத்தார். ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றுக்கு இப்படி ஒரு ஆணை வந்திருந்தால் முணுமுணுப்போடு முடிந்திருக்கும். ஐரோப்பாவில் நூறாண்டாகச் சிப்பாயின் முடியும் மீசையும் கர்னலின் சொத்தாகவே இருந்தன.

புதிய தலைப்பாகை எப்படி இருந்தது? பெயர்தான் தலைப்பாகை. உருவத்தில் ஐரோப்பியரின் வட்டத் தொப்பிக்கு நெருங்கியது. முன்னால் தோலில் செய்த பட்டைப்பூ, மேலே குஞ்சம். படையில் அந்த வடிவத் தொப்பியைப் போட்டிருந்த இந்தியர்கள் யார் என்றால் முரசு அடிக்கும் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரரைத் தொப்பிக்காரர் என்றே ஊரார் அழைத்த காலம் அது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் சிப்பாயை உறவுக்காரர்கள் பந்தியில் சேர்ப்பார்களா, பெண் கொடுப்பார்களா என்ற அச்சம் பிந்தைய விசாரணையில் திரும்பத் திரும்ப வருகிறது. தோல் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சமமாகவே இருந்தது. துப்பாக்கிக்குக் கொடுத்த திருகுளியின் வடிவம்கூடச் சிலுவையாகத் தெரிந்தது.

ஊர் வழக்கில் தலை என்பது என்ன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த அச்சத்தின் கனம் விளங்கும். கோயிலில் பரிவட்டம் கட்டுவது தலையில்தான். பெரியவர் முன் துண்டைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டவைத்த கொடுமையும் இதே ஊர்களில் நடந்ததுதான். யார் தலையில் எது இருக்கலாம் என்பதற்காகவே பாளையங்களும் சாதிகளும் சண்டையிட்ட நாட்டில், அதை முடிவுசெய்யும் உரிமையைக் கும்பினி எடுத்துக்கொண்டது.

1806 மே மாதம் வேலூரில் நான்காம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தது. இருபத்தொரு பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி, பணிநீக்கம். மற்றப் பத்தொன்பது பேருக்கு 500 கசையடி விதித்து, மன்னிப்புக் கேட்டதும் விட்டார்கள். அந்தப் பட்டாளத்தை வேலூரிலிருந்து மாற்றினார்கள். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் பட்டாளத் தலைவரிடம் சதி நடப்பதாகச் சொன்னார். விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளிடமே விட்டார்கள். அவர்களில் பலர் சதியில் இருந்தவர்கள். முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்தார்கள். எழுச்சி முடிந்த பிறகு அவருக்கு 2,000 வராகன் பரிசு கிடைத்தது.

ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. உள்ளே இருந்தவை முதலாம் படைப்பிரிவின் முதல் பட்டாளம், இருபத்துமூன்றாம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம், பிரிட்டனின் 69ஆம் படைப்பிரிவில் நான்கு கம்பெனிகள். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் குடியிருப்புக்குள் குண்டுகள் பாய்ந்தன. 69ஆம் பிரிவில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் சிறையிருந்த அரண்மனையிலிருந்து எடுத்து வந்த மைசூர்க் கொடி கொத்தளத்தில் ஏறியது. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆர்க்காட்டுக்கு ஆள் அனுப்பினார். கர்னல் ராலோ கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். வாசலுக்கு மேல் சிக்கியிருந்த 69ஆம் பிரிவினர் தங்கள் தோள்வார்களை முடிச்சுப் போட்டுக் கீழே விட, அவற்றைப் பிடித்துத்தான் கில்லெஸ்பி மதிலேறினார் என்று அந்நாளைய விவரிப்புகள் சொல்கின்றன. பிறகு கதவை பீரங்கியால் பிளந்து குதிரைப்படை நுழைந்தது. பகல் ஏறுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பது குறைந்த மதிப்பீடு. 800 வரை சொல்கிறவர்கள் உண்டு. விசாரணைக்குப் பின் ஆறு பேரை பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வோம். இங்கே தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போனது.

ஒரு வாரத்தில், ஜூலை 17 அன்று, உடுப்பு ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனாலும் ஐதராபாத்திலும் நந்திதுர்க்கத்திலும் புகைந்தது. நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார். எழுந்த இரண்டு பட்டாளங்களும் படைப்பட்டியலிலிருந்தே அழிக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பெண்டிங்க்கையும் கிரடாக்கையும் இலண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

இனி ஆய்வாளர்களுக்குள்ளான வழக்கு. கிரடாக் பக்கம் நின்றவர்கள் அன்றே ஒரு வாதம் வைத்தார்கள்: தலைப்பாகை வெறும் சாக்கு, உண்மையில் இது மைசூர் இளவரசர்களின் சதி. விசாரணைக் குழு உடுப்பு ஆணையையும் இளவரசர்கள் இருப்பையும் சேர்த்தே காரணமாகக் காட்டியது. டபிள்யூ. ஜே. வில்சன் எழுதிய சென்னைப் படையின் வரலாறு ஆணைகளையும் தண்டனைகளையும் தேதிவாரியாகத் தருகிறது. சிப்பாயின் மனத்துக்குள் அது நுழைவதில்லை. தேசிய இயக்கம் வளர்ந்த பிறகு எழுதியவர்கள் வேலூரை 1857க்கு முன்னோடியாகவும், 1801இல் ஒடுக்கப்பட்ட பாளையக்காரர் போரின் தொடர்ச்சியாகவும் பார்த்தார்கள். கே. ராஜய்யன், பி. சின்னியன், கே. ஏ. மணிக்குமார் ஆகியோரின் உழைப்பால் இந்தப் பார்வை வலுப்பெற்றது. பாளையங்கள் கலைந்தபோது வேலையிழந்த போர்வீரர்கள் கும்பினிப் படையில் சேர்ந்தார்கள், அவர்கள் நெஞ்சில் பழைய நெருப்பு இருந்தது என்பது இவர்களின் வலுவான புள்ளி. ஜேம்ஸ் ஹூவர் தன் நூலில் மறுபடியும் உடுப்பையும் ஒழுங்கையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

தேசியப் பார்வையாளர்களிடம் எனக்குள்ள மரியாதை பெரியது. ஆனாலும் தொப்பியைச் சிறிய காரணம் என்று ஓரம் கட்டும் அவர்களின் பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. குறைந்த சம்பளம், சுபேதாருக்கு மேல் ஏற முடியாத படிநிலை, இருபது வயது ஆங்கிலேய இளைஞன் ஐம்பது வயது இந்திய அதிகாரியை அதட்டும் அவமதிப்பு, பறிபோன பாளையம், இவையெல்லாம் உண்மையான குறைகள். ஆனால் இவற்றில் எதுவும் ஒரே நாளில், ஒரே வடிவில், எல்லாச் சாதி மதத்தினரின் தலையிலும் வந்து உட்காரவில்லை. தலைப்பாகை அப்படி உட்கார்ந்தது. வெலிங்டன் எதைத் தொப்பியின் பயன் என்று எண்ணினாரோ, அதையேதான் வேலூர்ச் சிப்பாயும் அதில் கண்டான்: இந்தத் தலை இன்னாருடையது என்ற முத்திரை. ஐரோப்பியத் தளபதிகளுக்கு அது பெருமையாகத் தெரிந்தது. இவனுக்கு விற்பனைச் சீட்டாகத் தெரிந்தது. சிப்பாய்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிய கும்பினி ஆவணங்களை நம்ப வேண்டியதில்லை. உடுப்பின் பொருளை உடுத்த மறுத்தவர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அதன்பின் ஆங்கிலேயர் கற்ற பாடம் விசித்திரமானது. 1857க்குப் பிறகு அவர்கள் நேர் எதிர்த்திசையில் போனார்கள். இந்தியச் சிப்பாய் இந்தியனாகவே தெரிய வேண்டும் என்று முடிவுசெய்து, எந்தச் சாதிக்கு எந்த முண்டாசு, எத்தனை முழம், எந்த நிறம் என்று அவர்களே வகுத்தார்கள். பெர்னார்ட் கோன் என்ற மானிடவியலாளர் இதை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதும் அதிகாரம், இப்படித்தான் கட்ட வேண்டும் என்று வகுத்ததும் அதிகாரம். சென்னைப் படையோ, சில குலங்களே போருக்குத் தகுந்தவை என்ற போர்க்குலக் கொள்கையால் சுருங்கியது. 1881 முதல் 1885 வரை இங்கே தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் தென்னாட்டுச் சிப்பாயைத் தாழ்த்தியே பேசினார். பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போர் வந்தபோது மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. அதன் மையம் இன்று இருக்கும் நீலகிரி ஊரின் பெயர் வெலிங்டன்.

ஐரோப்பாவின் தொப்பிகளுக்கு முடிவு கட்டியது 1914. பிரெஞ்சுச் சிப்பாய் சிவப்புக் கால்சராயோடும் கெப்பி என்ற துணித் தொப்பியோடும் இயந்திரத் துப்பாக்கியின் முன் போனான். ஜெர்மானியன் 1842இல் பிரஷ்யா ஏற்ற ஈட்டிமுனைத் தோல்தொப்பியோடு போனான். பதுங்குகுழியில் மேலிருந்து தெறித்த குண்டுச்சிதறல் இருவர் மண்டையையும் ஒரேபோல் பிளந்தது. 1915இல் பிரான்சும் பிரிட்டனும், 1916இல் ஜெர்மனியும் எஃகுத் தலைக்கவசத்துக்கு மாறின. இருநூறு ஆண்டுக்குப் பிறகு தொப்பி தலையைக் காக்க வந்தது. நிறம் அதற்கு முன்பே மாறியிருந்தது. அந்த மாற்றம் கிளம்பியது இந்தியாவில். 1840களின் பிற்பாதியில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் தன் வழிகாட்டிப் படைக்குப் புழுதி நிறத் துணியைக் கொடுத்தார். அந்தக் காக்கியைப் பிரிட்டன் முழுவதுமாக ஏற்றது 1902இல். வெயிலுக்காகத் துரைமார் போட்ட சோலாத் தொப்பியும் இந்தியச் சரக்குதான். குளத்தில் வளரும் நெட்டியை அடுக்கி ஒட்டிச் செய்தது. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்யும் அதே நெட்டி.

பிரெஞ்சுக்காரரின் கெப்பி தமிழ் மண்ணில் இன்னும் இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பிறகும் புதுச்சேரிக் காவலர்கள் சிவப்புக் கெப்பியை விடவில்லை. அதை அடிமைச் சின்னம் என்று யாரும் பிடுங்கப் போகவில்லை, ஏனென்றால் அதை வைத்திருப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்தில் இப்போது இருப்பவர்கள் நாம்.

போடிக்கு மேலே உள்ள ஏலமலைக்கு வந்த ஐரோப்பியப் போர்த் தலையணி இன்னொன்று. 1854இல் கிரிமியாவின் பாலக்லாவா பக்கம் குளிரில் விறைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊரிலிருந்து கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பினார்கள். தலை, காது, கழுத்தை மூடி முகத்தை மட்டும் விடும் அந்தக் குல்லாய்க்கு அந்த ஊர்ப்பெயரே பின்னாளில் ஒட்டிக்கொண்டது. நாம் அதை மங்கி குல்லா என்கிறோம். மார்கழியில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் கிளம்பும் ஜீப்புகளில் அதைப் பார்க்கலாம். ஆண்கள் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்து, அதன்மேல் துண்டைச் சுற்றியிருப்பார்கள். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானிட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, மழையானால் சாக்கையோ பிளாஸ்டிக் விரிப்பையோ மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். ஏலச்செடி தோகைக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிறவர்களுக்கு அட்டையும் ஈரமும் குளிரும்தான் எதிரி. இந்த உடுப்பை எந்தத் துரையும் ஆணையிட்டுத் தரவில்லை. விலை, கதகதப்பு, வேலைக்குத் தோது, மூன்றையும் பார்த்து அவர்களே சேர்த்துக்கொண்டது. குல்லாயின் மேல் கட்டும் அந்தத் துண்டை எந்தப் பக்கம் முடிச்சுப் போடுவது என்பதும் அவரவர் விருப்பம்.